மக்காச்சோளத் தட்டையைக் காட்டிலே விடாதீர்கள்

(பெரம்பலூர் மாவட்டத்தில், கறவைமாடு வளர்க்கும் மக்காச்சோள உழவர்களுக்காக நடைபெற்ற பயிற்சி முகாமில் உழவியல் விரிவுரையாளர் ஒருவர் ஆற்றிய உரை)



முகாமுக்கு வரும் வழியில் பேருந்தின் சன்னலோரம் உட்கார்ந்து இரு பக்கமும் பார்த்துக்கொண்டே வந்தேன். தை பிறந்து பத்து நாள் ஆகிறது. பல காடுகளில் கதிர் ஒடித்து முடித்துவிட்டார்கள். தட்டை மட்டும் நிற்கிறது. சில இடங்களில் அது வெளுத்து, தோகை கிழிந்து, காற்றில் சலசலத்துக்கொண்டிருக்கிறது. ஒரு காட்டில் ஆடு மேய்கிறது. இன்னொன்றில் சுழல்கலப்பை ஓடுகிறது. சாலையை ஒட்டிய ஒரு காட்டில் தீ வைத்த கருப்பு தெரிந்தது. இதே ஊர்களுக்குச் சித்திரை, வைகாசியில் டெல்டாப் பக்கத்திலிருந்து வைக்கோல் ஏற்றிய லாரி வந்து நிற்கும். சொந்தக் காட்டில் நின்ற தீவனத்தை விட்டுவிட்டு, வெளியூர் வைக்கோலுக்கு விலை பேசுவோம்.

இதைப் பற்றிச் சற்று முன் பேச்சு வந்தபோது முன் வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர், "மக்காச்சோளத் தட்டையை மாடு தின்னாது தம்பி, போட்டால் மிதித்துத்தான் தள்ளும்" என்றார். அவர் சொன்னது பொய்யல்ல. காட்டில் ஒரு மாதம் காய்ந்து நின்ற தட்டையை முழுசாகப் போட்டால் எந்த மாடும் தின்னாது. நானும் தின்னமாட்டேன். ஆனால் அது தட்டையின் குற்றமா, நாம் அதை எடுத்த காலத்தின் குற்றமா என்பதைத்தான் இன்று பேச வந்திருக்கிறேன்.

உங்கள் தாத்தா காலத்தில் இந்தக் கரிசல் காடுகளில் சோளமும் பருத்தியும் இருந்தன. சோளம் விதைத்தவர்கள் மணிக்கு மட்டுமா விதைத்தார்கள்? தட்டைக்கும் சேர்த்துத்தானே விதைத்தார்கள்! சோளத்தட்டை அறுப்பதும், கட்டுவதும், போர் போடுவதும் அறுவடையின் ஒரு பகுதியாகவே இருந்தன. பிறகு நாமக்கல் கோழிப்பண்ணைகளின் தீவனத் தேவை பெருகியது. மக்காச்சோளத்துக்கு நல்ல சந்தை கிடைத்தது. காடெல்லாம் மக்காச்சோளம் ஆயிற்று. பயிர் மாறியபோது மணிக்கான வேலைகளை எல்லாம் கற்றுக்கொண்டோம். தட்டைக்கான வேலையை மட்டும் சோளத்தோடு சேர்த்து விட்டுவிட்டோம். மாடு மட்டும் குறையவில்லை. சங்கத்துக்குப் பால் ஊற்றும் வீடுகள் அப்படியே இருக்கின்றன.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மக்காச்சோளத்தில் மணி எவ்வளவு எடையோ, காய்ந்த தட்டையும் ஏறக்குறைய அவ்வளவு எடை இருக்கும். ஏக்கருக்கு 25 மூட்டை மணி எடுக்கிறீர்கள் என்றால், இரண்டரை டன் மணி. தட்டை, தோகை, கதிர்த்தோல், சக்கை எல்லாம் சேர்ந்து அதே அளவு. அடிக்கட்டை நிலத்தில் நிற்கும், சக்கை தனியாகப் போகும், கொஞ்சம் உதிரும். மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டாலும் 1,600 கிலோவுக்குக் குறையாமல் வீடு வந்து சேரும். ஒரு கறவைமாட்டுக்கு மற்ற தீவனத்தோடு நாளைக்கு 5 கிலோ உலர்தட்டை என்று வைத்துக்கொள்ளுங்கள். பங்குனி முதல் ஆனி வரை 120 நாளைக்கு 600 கிலோ ஆகும். ஆக, ஒரு ஏக்கர் தட்டை இரண்டு கறவைமாட்டையும் ஒரு கிடாரியையும் கோடை தாண்ட வைக்கும். இது மானாவாரிக் காட்டுக் கணக்கு.

செடியில் தீவனம் எங்கே இருக்கிறது?

தட்டை என்று ஒரே சொல்லாகச் சொல்லிவிடுகிறோம். மாடு அதை அப்படிப் பார்ப்பதில்லை. தண்டு எடையில் பாதி இருக்கும். அதன் வெளிப்பட்டை கெட்டியானது; செரிமானம் ஆவது குறைவு. தோகை மென்மையானது, புரதமும் அதில்தான் கூடுதல். கதிர்த்தோல், அதாவது கதிரை மூடியிருக்கும் உறை, இருப்பதிலேயே எளிதாகச் செரிக்கும் பகுதி. நாம் என்ன செய்கிறோம்? களத்தில் தோலை உரித்துக் குவித்துவிட்டுத் தீ வைக்கிறோம். தாய்மார்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். கதிர் உரிக்கும்போது விழும் தோலைத் தார்ப்பாயில் வாரி, மண் படாமல் சாக்கில் அடைத்து வைத்தால் அதுவே நல்ல தீவனம். மணி அடித்தபின் மிஞ்சும் சக்கை அடுப்புக்குப் போகட்டும். அதில் சத்து குறைவு. முழுசாகப் போட்டால் தொண்டையில் சிக்கும் ஆபத்தும் உண்டு.

தோகைதான் தீவனம் என்றால், அந்தத் தோகை எப்போது போகிறது என்பதைப் பார்க்க வேண்டும். மணி முற்றியபின் கீழ்த்தோகையிலிருந்து காய ஆரம்பிக்கும். காய்ந்த தோகை காற்றில் உரசிக் கிழிந்து உதிரும். பனியும் தூறலும் விழுந்தால் அதிலுள்ள கரையும் சத்து கழுவிக்கொண்டு போகும். தண்டில் இருந்த கொஞ்ச இனிப்பும் குறைந்து, நார் கெட்டியாகும். கதிர் ஒடித்து மூன்று வாரம் நின்ற காட்டில் நீங்கள் அறுப்பது பெரும்பாலும் வெறும் கழி.

என் பேச்சை நம்ப வேண்டாம். நீங்களே நிறுத்துப் பாருங்கள். கதிர் ஒடித்த அன்று ஒரு வரிசையில் பத்துச் செடியை அறுத்து நிழலில் சாத்தி வையுங்கள். பக்கத்து வரிசையில் பத்துச் செடியை அப்படியே நிற்க விடுங்கள். மூன்று வாரம் கழித்து அதையும் அறுங்கள். இரண்டும் நன்றாகக் காய்ந்தபின் தோகையை மட்டும் உருவி, தனித்தனியாகத் தராசில் வையுங்கள். இதற்குக் கல்லூரி ஆய்வுக்கூடம் தேவையில்லை. மளிகைக்கடைத் தராசு போதும்.

எப்போது அறுப்பது?

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. அதை மறைக்க விரும்பவில்லை. மணி காட்டிலேயே நன்றாகக் காயட்டும் என்று நீங்கள் காத்திருக்கிறீர்கள். ஈரமாக ஒடித்தால் காய வைக்கக் களம் வேண்டும், ஆள் வேண்டும். வியாபாரி ஈரம் பார்த்து விலை குறைப்பார். ஆகவே மணிக்கு எது வசதியோ அது தட்டைக்குக் கேடாக முடிகிறது. இரண்டையும் ஒத்துப்போக வைக்க ஒரு வழி உண்டு.

கதிரின் நடுவிலிருந்து ஒரு மணியைப் பெயர்த்து, அதன் அடிக்கூர்மையை நகத்தால் சுரண்டிப் பாருங்கள். கருப்பாக ஒரு சிறு அடுக்கு தெரிந்தால், செடியிலிருந்து மணிக்கு இனி எதுவும் போகப்போவதில்லை என்று பொருள். அதன்பின் மணி காய்வது மட்டுமே பாக்கி. அந்த வேளையில் கதிர்த்தோல் வெளுத்துவிடும். ஆனால் கதிருக்கு மேலுள்ள தோகைகளில் பல இன்னும் பச்சையாகவே இருக்கும். இதுதான் தட்டைக்கு ஏற்ற காலம்.

களம் உள்ளவர்கள் இந்த அடையாளம் கண்டு ஒரு வாரத்துக்குள் கதிரை ஒடித்து, மறுநாளே தட்டையை அறுத்துவிடலாம். களம் இல்லாதவர்கள், கதிரோடு சேர்த்துச் செடியை அறுத்து, இருபது முப்பது செடியாகக் கட்டி, காட்டிலேயே கூம்புபோல் சாத்தி வைக்கலாம். மணி தோலுக்குள்ளேயே காயும். தட்டையும் நின்றபடி காயும். பத்துப் பதினைந்து நாளில் கதிரை ஒடித்துக்கொள்ளலாம். தையில் வானம் வெளுத்திருக்கும்போது மட்டுமே இதைச் செய்ய வேண்டும். எலித்தொல்லை மிகுந்த காடாக இருந்தால் இது ஒத்துவராது.

இரண்டும் முடியாது என்பவர்களுக்கு மூன்றாவது வழி: கருப்பு அடுக்கு வந்தபின் கதிருக்கு மேலுள்ள நுனித்தண்டைத் தோகையோடு வெட்டி எடுத்துவிடுங்கள். கதிர் செடியிலேயே நின்று காயட்டும். நுனித்தட்டை மென்மையானது, பச்சையாகவும் போடலாம், காய வைத்தும் சேர்க்கலாம். விளைச்சல் குறையாது. ஆனால் கருப்பு அடுக்கு வருமுன் வெட்டினால் மணி எடை கட்டாயம் குறையும். பால் பிடிக்கும் பருவத்தில் மாட்டுக்கு வேண்டுமென்று நுனி ஒடிப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். அது கோழிக்கும் இல்லாமல் மாட்டுக்கும் இல்லாமல் போகும் வேலை.

அறுவடை இயந்திரம் விடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. இயந்திரம் தட்டையை நசுக்கிப் பரப்பிவிட்டுப் போகும். மண் ஒட்டும் முன்பாக ஓரிரு நாளில் வாரி எடுத்தால்தான் தீவனம். பனியில் நான்கு நாள் கிடந்தால் அது உரக்குழிக்குத்தான்.

எங்கள் வீட்டுப் போர்

காய வைப்பதைப் பற்றிச் சொல்லுமுன் எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் பத்தாம் வகுப்புப் படித்த ஆண்டு. அப்பா ஒன்றரை ஏக்கரில் மக்காச்சோளம் போட்டிருந்தார். ஊரில் எல்லோரும் தட்டையை விட்டபோது அவர் மட்டும் அறுத்தார். நான்கு நாள் காய்ந்திருக்கும். வானம் கருத்தது. நனைந்துவிடுமே என்ற பயத்தில் ராத்திரியோடு ராத்திரியாக நாங்கள் எல்லோரும் சேர்ந்து போர் போட்டோம். அம்மா விளக்குப் பிடித்தார். தோகை நன்றாகக் காய்ந்திருந்தது. கையில் எடுத்தால் நொறுங்கியது. தண்டை யாரும் ஒடித்துப் பார்க்கவில்லை.

மழை பெய்யவே இல்லை. பத்து நாளில் போரிலிருந்து புளித்த வாடை வந்தது. விடியற்காலையில் உச்சியில் ஆவி கிளம்பியது. அப்பா அதைப் பனி என்றார். பங்குனியில் பிரித்தபோது நடுப்போர் முழுதும் கருத்து, வெள்ளைப் பூசணம் பூத்து, கட்டாக எடுக்க வராமல் பாளம் பாளமாகப் பெயர்ந்தது. ஓரத்தில் இருந்தது மட்டுமே தேறியது. சித்திரையில் இரண்டாம் ஈற்றுப் பசுவைக் கன்றோடு விற்றோம். வாங்கியவர் பக்கத்து ஊர்தான். பள்ளிக்கூடம் போகும் வழியில் அது கட்டியிருப்பதைத் தினமும் பார்ப்பேன்.

அப்பா செய்த தவறு ஒன்றே ஒன்றுதான். தோகையின் காய்ச்சலைப் பார்த்தார். தண்டின் ஈரத்தைப் பார்க்கவில்லை. அறுக்கும் வேளையில் மக்காச்சோளத் தட்டையில் எடையில் பாதிக்கு மேல் தண்ணீர். நெல்வைக்கோல் மெல்லியது, இரண்டு மூன்று வெயிலில் காய்ந்துவிடும். சோளத்தட்டையும் இதைவிட மெலிவு. மக்காச்சோளத் தண்டு பருமன். உள்ளே பஞ்சுபோன்ற சோறு நீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வெளியே காய்ந்த தோற்றம் காட்டி ஏமாற்றும்.

காய வைக்கும் முறை

அடியில் அரை அடி முதல் முக்கால் அடி வரை விட்டு அறுங்கள். அந்த அடிக்கட்டை கெட்டிக்கழி. அதில் மண்ணும் ஒட்டியிருக்கும். அதை எடுத்து வந்து ஆவது ஒன்றுமில்லை. அறுத்ததை நுனி எல்லாம் ஒரே பக்கமாக இருக்கும்படி வரிசையில் பரப்பி, இரண்டு மூன்று நாள் விடுங்கள். பிறகு கட்ட வேண்டும். கட்டுவதை விடியற்காலையில் செய்வது நலம். பனி ஈரத்தில் தோகை துவண்டிருக்கும், உதிராது. வெயில் ஏறியபின் கட்டினால் பாதித் தோகை காட்டிலேயே கொட்டிவிடும். கூலியாட்கள் எட்டு மணிக்குத்தான் வருவார்கள் என்பது எனக்கும் தெரியும். வீட்டாள் இரண்டு பேர் ஐந்தரைக்கே போய்க் கட்டத் தொடங்கினால் பெரும்பகுதி முடிந்துவிடும்.

கட்டியதைப் படுக்க வைக்காதீர்கள். எட்டுப் பத்துக் கட்டுகளை நுனி மேலாகக் கூம்புபோல் சாத்தி, உச்சியில் ஒரு கயிறு போடுங்கள். உள்ளே காற்றுப் புக வேண்டும். தை, மாசி வெயிலில் பத்து முதல் பதினைந்து நாளில் காயும். காய்ந்ததா என்று பார்க்க, கூம்பின் நடுவிலுள்ள கட்டிலிருந்து பருமனான ஒரு தட்டையை உருவி, அடிக்கணுவுக்குப் பக்கத்தில் முறுக்குங்கள். ஈரம் கசியாமல், உள்சோறு உலர்ந்து, 'படக்'கென்று ஒடிய வேண்டும். வளைந்து கொடுத்தால் இன்னும் நான்கு நாள் பொறுங்கள். ஐந்து இடத்தில் இப்படிப் பார்த்துவிட்டே போருக்குத் தூக்க வேண்டும்.

போர் போடும் இடம் மேடாக இருக்கட்டும். வீட்டுக்கும், அடுப்படிக்கும், மின்கம்பிக்கும் தள்ளி இருக்கட்டும். தரையில் கல் பரப்பி, அதன்மேல் பனங்கட்டையோ பழைய கழியோ குறுக்கே போட்டு, ஓரடி உயரத்துக்குப் படுக்கை அமைத்தால் கறையானும் ஈரமும் ஏறாது. போரின் அகலம் ஆறேழு அடிக்கு மேல் வேண்டாம். நீளம் எவ்வளவு வேண்டுமானாலும் போகட்டும். அடித்தண்டு வெளியேயும், நுனித்தோகை உள்ளேயும் இருக்கும்படி அடுக்கி, நடுவை எப்போதும் சற்று மேடாக வைத்துக்கொண்டே வாருங்கள். அப்போது ஒவ்வொரு தட்டையும் வெளிப்பக்கம் சரிந்திருக்கும். மழைநீர் தண்டு வழியாக வெளியே வடியும். உச்சியைக் கூரைபோல் கூட்டி, கீற்றாலோ வைக்கோலாலோ வேயுங்கள். தார்ப்பாய் போடுபவர்கள் உச்சியை மட்டும் மூட வேண்டும். பக்கமெல்லாம் இறுக்கி மூடினால் உள்ளே வியர்த்துக் கெடும்.

முதல் இரண்டு வாரம் போரைக் கவனிக்க வேண்டும். கடப்பாரையை நடுப்போரில் செருகி, அரைமணி நேரம் கழித்து உருவிப் பிடித்துப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் நாளைக்கும் பாருங்கள். கை பொறுக்காத சூடு என்றால் அன்றே பிரித்துப் பரப்ப வேண்டும். அலுப்புப் பார்த்தால் போர் முழுதும் கெடும். சில சமயம் தானே தீப்பற்றுவதும் உண்டு. எங்கள் வீட்டில் கடப்பாரை இருந்தது. இதைச் சொல்ல ஆள்தான் இல்லை.

மழைக்காலத்தில் அறுப்பவர்களுக்கு

இதுவரை சொன்னது புரட்டாசியில் விதைத்துத் தை, மாசியில் எடுப்பவர்களுக்கு. ஆடிப்பட்டத்தில் விதைத்தவர்களுக்கு ஐப்பசி மழையில் அறுவடை வரும். அந்தத் தட்டையைக் காய வைக்கப் பாடுபடுவது வீண். அதை ஊறுகாய்ப்புல்லாகப் போட்டுவிடுங்கள். இறவையில் இனிப்பு மக்காச்சோளமோ, இளங்கதிர் மக்காச்சோளமோ போடுபவர்களுக்கும் இதுவே சிறந்தது. அவர்கள் தட்டை பச்சையாகவும் இனிப்பாகவும் இருக்கும்.

தட்டையை இரண்டு சென்டிமீட்டருக்கு மேற்படாத துண்டுகளாக நறுக்கி, ஒரு பிடி எடுத்து உருண்டையாக அழுத்திக் கையை விரியுங்கள். நீர் சொட்டினால் அரைநாள் வாடவிட வேண்டும். உடனே உதிர்ந்துபோனால் மிகக் காய்ந்துவிட்டது. உருண்டை மெதுவாகப் பிரிந்தால் பதம் சரி. மேட்டு நிலத்தில் குழியிலோ, தடித்த பாலிதீன் பையிலோ அரையடி அரையடியாகப் போட்டு மிதித்துக் காற்றை வெளியேற்ற வேண்டும். மிதிப்பதில்தான் முழு வெற்றியும் இருக்கிறது. காற்று நின்ற இடத்தில் பூசணம் வரும். நன்றாக மிதித்த குழியில் ஒரு கன மீட்டருக்கு ஏறக்குறைய அரை டன் பிடிக்கும். மணி நீங்கிய தட்டை ஆதலால், 100 கிலோவுக்கு 2 கிலோ கரும்பாலைக் கழிவுப்பாகை நீரில் கரைத்துத் தெளித்துக்கொண்டே வந்தால் நன்றாகப் புளிக்கும். இரண்டு நாளுக்குள் நிரப்பி, பாலிதீன் தாளால் மூடி, மேலே மண்ணோ பழைய டயரோ பாரம் வைத்து, 45 நாள் தொடாமல் இருங்கள். திறந்தால் பழவாடை கலந்த புளிப்பு வர வேண்டும். அழுகல் வாடை வந்தால் போடாதீர்கள். திறந்தபின் தினமும் ஓரத்திலிருந்து சீராக வெட்டி எடுத்து, மறுபடி மூட வேண்டும்.

வெளுத்துக் காய்ந்த தட்டையை இப்படிக் குழியில் போடுவதில் பயனில்லை. அதில் புளிக்க இனிப்பும் இல்லை, ஈரமும் இல்லை.

நறுக்கிப் போடுவது

பெரியவர் கேட்டதற்கு இப்போது வருகிறேன். முழுத்தட்டையைப் போட்டால் மாடு தோகையை உருவித் தின்றுவிட்டுத் தண்டை மிதிக்கும். நறுக்கிப் போட்டால் பொறுக்க முடியாது. தண்டும் சேர்ந்தே உள்ளே போகும். நறுக்குவதால் தட்டையில் சத்து கூடிவிடாது. வீணாவது குறையும், அவ்வளவே. நறுக்கியதில் சற்று நீர் தெளித்து, புண்ணாக்குத் தண்ணீரோ, ஒரு கை தவிடோ பிசிறி வைத்தால் பழகாத மாடும் ஒரு வாரத்தில் பழகிவிடும். முதல் நாளே முழு அளவும் போடாதீர்கள். வைக்கோலில் கால் பங்கு கலந்து ஆரம்பித்து, படிப்படியாகக் கூட்டுங்கள்.

நறுக்கும் இயந்திரத்தைப் பற்றி ஓர் எச்சரிக்கை. மின்மோட்டார் வைத்த இயந்திரத்தில் தட்டையைக் கையால் தள்ளப்போய் விரல் இழந்தவர்கள் உண்டு. கடைசித் துண்டைக் கையால் தள்ளக்கூடாது. அடுத்த கட்டால் தள்ளுங்கள். சேலை முந்தானை, துண்டு, வளையல் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு நில்லுங்கள். சிக்கினால் முதலில் மின்சாரத்தை நிறுத்துங்கள். பிறகு கையை வையுங்கள். பிள்ளைகளை அந்தப் பக்கமே விடாதீர்கள்.

தட்டையை மட்டும் போட்டால் பால் வருமா என்றால், வராது. உலர்தட்டையில் புரதம் 4 முதல் 6 விழுக்காடுதான். மாட்டின் பெருவயிற்றில் நாரைச் செரிக்கவைக்கும் நுண்ணுயிர்கள் நன்கு வேலை செய்யவே 7 விழுக்காடாவது வேண்டும். தட்டை வயிற்றை நிரப்பும். மீதியை நாம் கொடுக்க வேண்டும். அகத்தி, சவுண்டல், வேலிமசால், கடலைக்கொடி இவற்றில் எது கிடைத்தாலும் சேருங்கள். கறவைக்கு ஏற்ற அடர்தீவனமும் தாது உப்புக் கலவையும் வழக்கம்போல் இருக்கட்டும். வேலியோரம் இருபது அகத்தி நட்டிருந்தால் இந்தத் தட்டையின் மதிப்பே வேறு.

பசுந்தழைக்கு வழியே இல்லாதவர்கள் யூரியா ஊட்டம் செய்யலாம். நறுக்கிய உலர்தட்டை 100 கிலோவுக்கு யூரியா 4 கிலோ, தண்ணீர் 60 லிட்டர். யூரியாவை முழுதும் கரைத்து, தட்டையை அடுக்கடுக்காகப் பரப்பிச் சீராகத் தெளித்து, மிதித்து, பாலிதீன் தாளால் காற்றுப் புகாமல் மூடி 21 நாள் வைக்க வேண்டும். நார் இளகும், புரத அளவும் கூடும். போடும் முன் ஓரிரு மணி நேரம் பரப்பி ஆறவிட்டு, கண்ணை எரிக்கும் நெடி போனபின் கொடுங்கள். ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்குக் கொடுக்கக்கூடாது. அளவைக் கண்மதிப்பில் போடாதீர்கள். தராசில் நிறுத்துப் போடுங்கள். யூரியா கரைத்த வாளியை மாடு எட்டும் இடத்தில் வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகாதீர்கள். அதைக் குடித்த மாடு பிழைப்பது அரிது. இதில் நம்பிக்கை வராதவர்கள் செய்யாமல் இருப்பதே மேல். அகத்தி நடுவது எளிது.

இன்னும் சில

பூசணம் பிடித்த தட்டையை வெயிலில் காட்டித் தட்டிவிட்டுப் போடும் பழக்கம் இருக்கிறது. பூசண நஞ்சு வெயிலில் போகாது. அது மாட்டின் ஈரலைக் கெடுக்கும். சிலவகை நஞ்சு பாலிலும் இறங்கும். அந்தப் பாலைத்தான் நம் பிள்ளைகளும் குடிக்கின்றன. ஆட்டுக்குப் போட்டாலும் அதே கதைதான். உரக்குழிக்குக் கொண்டு போங்கள்.

2018-இல் படைப்புழு நம் நாட்டுக்குள் வந்தது முதல் மருந்து தெளிக்காத மக்காச்சோளம் அரிதாகிவிட்டது. மருந்துப் புட்டியின் சீட்டில் காத்திருக்க வேண்டிய நாள் அச்சிட்டிருக்கும். அந்த நாள் கழியுமுன் நுனியோ தட்டையோ மாட்டுக்கு வரக்கூடாது. சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டுத் தெளிப்பவர்களுக்காகச் சொல்கிறேன்.

சோளத்தில் இளம்பயிரைத் தின்றால் மாடு நஞ்சேறி விழும் என்பது உங்களுக்குத் தெரியும். மக்காச்சோளத்தில் அந்த நஞ்சு இல்லை. ஆனால் தழைச்சத்து மிகுதியாகப் போட்டு, வறட்சியில் வாடி நின்ற பயிரில் அடித்தண்டில் நைட்ரேட் சேரும். வறட்சிக்குப் பின் ஒரு மழை பெய்த உடனே அறுத்துப் பச்சையாகப் போடாதீர்கள். ஒரு வாரம் பத்து நாள் விட்டு, அடியை உயர்த்தி அறுங்கள். காய வைப்பதால் நைட்ரேட் குறைவதில்லை.

கடைசியாக ஒரு கேள்வி. தட்டையை எல்லாம் வாரிவிட்டால் நிலம் என்ன ஆகும்? இது சரியான கேள்வி. பயிர் எடுத்த சாம்பல்சத்தில் பெரும்பங்கு தட்டையில்தான் இருக்கிறது. மாட்டுக்குப் போட்டு, சாணத்தையும் மூத்திரத்தையும் அதே காட்டுக்குத் திருப்பினால் கணக்கு ஓரளவு சரியாகும். சாணத்தை விற்பவர்களும், தட்டையை வெளியாருக்குக் கொடுப்பவர்களும் மண் பரிசோதனை செய்து பொட்டாஷ் உரத்தைப் பார்த்துப் போட வேண்டும். சரிவான காட்டில் அடிக்கட்டையோடு நான்கில் ஒரு பங்குத் தட்டையையும் நிலத்திலேயே விட்டுவிடுங்கள். தீ வைப்பதை மட்டும் எந்தக் காட்டிலும் செய்யாதீர்கள்.

சாப்பாட்டுக்குப் பின் பின்புறக் காட்டில் கூடுவோம். கதிர் ஒடித்து இரண்டு நாள் ஆன காடு அது. அறுத்துக் கூம்பு சாத்துவதைச் செய்து காட்டுகிறோம். அரிவாள் கொண்டு வந்தவர்கள் எடுத்து வாருங்கள். பெரியவரின் மாட்டுக்கு இரண்டு கட்டு நறுக்கி வைத்திருக்கிறோம். தின்றதா இல்லையா என்று நாளைக் காலையில் அவர் சொல்லட்டும்.